அம்மாவின் கொப்பியில் இல்லாத நாள்

கலியாண நாளை மறக்கிறது ஆம்பிளைகளுக்கு வாற வருத்தம் என்றுதான் நாங்கள் வாசித்த பகிடிகள் எல்லாம் சொல்லித் தந்திருக்கின்றன. அவர் மறப்பார், அவ முகத்தை நீட்டிக்கொண்டு இருப்பா, கடைசி நேரத்தில் அவர் ஒரு சேலையோடு ஓடிவருவார். பழைய வார இதழ்த் துணுக்கிலிருந்து இப்ப வாற மீம் வரைக்கும் இதே கதைதான். ஆனால் இந்தப் பகிடிக்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. இரண்டு பேரில் ஒருவராவது அந்த நாளை நினைவில் வைத்திருக்கவேண்டும். இரண்டு பேருமே மறந்துபோன வீட்டில் கோபிக்கவும் ஆளில்லை, சமாதானப்படுத்தவும் ஆளில்லை. 2022இல் எங்கட வீட்டில் நடந்தது அதுதான்.

செப்டெம்பர் மாதக் கடைசி. பிரதேச செயலகத்தில் கொடுக்கவேண்டிய ஒரு படிவத்தை அப்பா நிரப்பிக்கொண்டிருந்தார். அதில் விவாகப் பதிவுத் திகதி கேட்டிருந்தார்கள். அலுமாரிக்குள் கிடந்த ஃபைலைத் தேடி எடுத்து, சான்றிதழைப் பார்த்து, ஜூன் மாதத் திகதி ஒன்றை வாசித்தார். அம்மா குசினிக்குள் இருந்தே சொன்னா, "அது எழுத்து நாளப்பா. தாலி கட்டினது ஆவணியிலயெல்லோ."

எங்கட பக்கத்தில் எழுத்து ஒரு நாள், தாலிகட்டு இன்னொரு நாள் என்று நடப்பது சாதாரணம். அரசாங்கத்துக்கு ஒரு திகதி, சொந்தக்காரருக்கு ஒரு திகதி. அப்பா பேனையை வைத்துவிட்டு விரல்விட்டு எண்ணினார்.

"இஞ்சேரும், அது போய்ப் பத்தொன்பது நாளாச்சு."

"ஓமோ? போனாப் போகட்டும். அம்மாவின்ர கஞ்சி ஆறுது, அந்தக் கரண்டிய ஒருக்காத் தாங்கோ."

அப்பா கரண்டியை எடுத்துக் கொடுத்தார். இரண்டு பேரும் கொஞ்சம் சிரித்தார்கள். பிறகு அப்பா படிவத்தின் மிச்சத்தை நிரப்பினார். அது அவர்களின் இருபதாவது வருஷம்.

அந்தக் கலியாணம் நடந்தது 2002இல். பெப்ரவரி 22ஆம் திகதி போர்நிறுத்த உடன்படிக்கை கையெழுத்தாகி, ஏப்ரலில் ஏ9 பாதை திறந்த வருஷம். கப்பலுக்கும் விமானத்துக்கும் காத்துக் கிடந்த சொந்தக்காரர் கொழும்பிலிருந்து வாகனத்தில் தரைவழியாக வந்து இறங்கிய முதல் கலியாணம் எங்கட ஒழுங்கையில் இவர்களுடையதுதான் என்று அம்மம்மா பெருமையாகச் சொல்லுவா. வீடியோக் கசற் ஒன்று இன்னும் அலுமாரியில் இருக்கிறது. போட்டுப் பார்க்க டெக் இல்லை. இப்படியெல்லாம் கதை உள்ள ஒரு நாள் பத்தொன்பது நாள் கழித்து ஒரு படிவத்தினால் ஞாபகம் வந்தது. அதில் யாருக்கும் மனம் நோகவும் இல்லை. எனக்கு அந்த நோகாமைதான் நெடுநாள் உறுத்திக்கொண்டிருந்தது.

2021 கார்த்திகையில் அம்மம்மாவுக்குப் பாரிசவாதம் வந்தது. வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு பாதி போய்விட்டது. ஏற்கெனவே சீனி வருத்தமும் பிரஷரும் இருந்தன. ஆஸ்பத்திரியிலிருந்து துண்டு வெட்டிக்கொண்டு வந்தபோது தாதி சொல்லித் தந்தவைதான் இன்றுவரை எங்கட வீட்டின் நேரசூசி. படுக்கைப்புண் வராமல் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா ஆளைத் திருப்பிவிடவேண்டும். சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் முதல் இன்சுலின். விழுங்கக் கஷ்டம் என்பதால் எல்லாம் தடிப்பாகக் கரைத்து, தலையை நிமிர்த்திவைத்து, சின்னக் கரண்டியால். கொடுத்த பிறகும் அரை மணித்தியாலம் நிமிர்த்தித்தான் வைத்திருக்கவேண்டும். இடையில் பாம்பஸ் மாற்றுவது, துடைப்பது, கை கால் மடக்கி நீட்டுவது. மாதம் ஒருக்கா கிளினிக். அதற்கு முதல் இரத்தப் பரிசோதனை.

அடுத்த வருஷம் நாட்டில் என்ன நடந்தது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மார்ச் மாதக் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் இல்லை. குளிர்சாதனப் பெட்டியில் இருந்த இன்சுலினை மண்சட்டித் தண்ணிக்குள் வைத்தோம். காத்து மெத்தையின் பம் நின்றுவிடும் என்பதால் திருப்புகிற நேரம் ஒரு மணித்தியாலமாகச் சுருங்கியது. ஜூலையில் கியூஆர் அட்டை வந்தபிறகு அப்பாவின் மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர். இலக்கத் தகட்டின் கடைசி இலக்கத்தைப் பார்த்து நாளை ஒதுக்கியிருந்தார்கள். அந்த வருஷம் கிழமையின் பெயரே மாறிப்போயிருந்தது. செவ்வாய், வியாழன் என்று இல்லை. பெற்றோல் நாள், காஸ் வாற நாள், கிளினிக் நாள். அதற்குள் ஆவணி மாதத்தில் ஒரு நாள் எங்கே போய் நிற்கும்?

அந்தக் காலத்தில் அப்பாவும் அம்மாவும் பேசிக்கொண்டதை நான் கவனித்துக் கேட்டிருக்கிறேன்.

"ரெண்டு மணிக்கு ஆர்?"

"நான் பாக்கிறன். நீர் படும்."

"பாம்பஸ் எத்தினை கிடக்கு?"

"நாலு."

"வெளியால போச்சுதோ?"

"காலமை போனவ."

ஒரு நாள் முழுக்க அவர்களுக்கிடையில் இதைவிட வேறு பேச்சு இல்லாமல் போயிருக்கிறது. அம்மா அம்மம்மாவின் கட்டிலோடு பாய் போட்டுப் படுப்பா. அப்பா விறாந்தையில். ஒரே வீட்டுக்குள் நாலு வருஷமாக வேறு வேறு இடத்தில் நித்திரை. இரவு இரண்டு மணிக்கு அப்பாவின் ஃபோன் அடிக்கும். அவர் எழும்பி வந்து அம்மம்மாவைத் திருப்பிவிட்டுப் போவார். அம்மாவுக்குத் தொடர்ந்து நாலு மணித்தியால நித்திரை கிடைப்பது அந்த ஒரு எழும்பலால்தான். சங்கத்தில் காலை எட்டரைக்குக் கையெழுத்து வைக்கவேண்டிய மனிசன்.

இதை எழுதும்போதே எனக்குத் தெரியும், இதிலிருந்து ஒரு அழகான பதிவு போடலாம். "பரிசும் கேக்கும் இல்லாத காதல் இதுதான்" என்று ஒரு வரி, இரண்டு சுருக்கம் விழுந்த கைகளின் படம், ஆயிரம் லைக். அப்பாவின் இரண்டு மணி எழும்பல் அன்பு என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அதை அன்பு என்று பெயர் வைத்து முடித்துவிட்டால், அந்த வேலையை வேறு யாரும் செய்யத் தேவையில்லை என்று ஆகிவிடுகிறது. கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்காதவர்களுக்குத்தான் அந்தப் பதிவு ஆறுதல். "நாள் கிழமை எல்லாம் சும்மா, மனம்தான் முக்கியம்" என்பது நாள் கிழமைக்கு நேரம் உள்ளவர்கள் சொல்லுகிற கதை.

அம்மாவுக்கு நினைவாற்றல் குறைவு என்று நினைத்துவிடாதீர்கள். எங்கட வீட்டின் ஞாபகமே அவதான். அவவிடம் ஒரு சீ.ஆர். கொப்பி இருக்கிறது. முன்பக்கத்தில் அம்மம்மாவின் சீனி அளவும் பிரஷரும் திகதி வாரியாக. நடுவில் மருந்துப் பெயர்கள், அடுத்த கிளினிக் நாள், காஸ் மாற்றிய நாள், மாமா காசு அனுப்பிய நாள். பின்பக்கத்திலிருந்து திருப்பினால் குடும்பத்தின் நாட்கள். அம்மப்பாவின் திதி. கோயிலில் எங்கட உபயம் எந்தத் திருவிழா என்பது. வெளிநாட்டில் இருக்கிற மாமாக்களின் பிள்ளைகளின் பிறந்த நட்சத்திரங்கள், எனது, தம்பியுடையது, அப்பாவுடையது.

இதில் ஒரு வேலை இருக்கிறது என்பது எங்கட வயதுக்காரருக்கு இலகுவில் விளங்காது. எங்களுக்குப் பிறந்தநாள் என்றால் ஃபேஸ்புக் சொல்லும். திதியும் நட்சத்திரமும் அப்படி நிற்காது. ஒவ்வொரு வருஷமும் வேறு திகதியில் வரும். சித்திரை மாதம் புதுப் பஞ்சாங்கம் வாங்கி வைத்துக்கொண்டு யாரோ ஒருவர் இருந்து பார்க்கவேண்டும். வாக்கியத்துக்கும் திருக்கணிதத்துக்கும் சில நேரம் ஒரு நாள் இடிக்கும். எங்கட கோயில் எதைப் பார்க்கிறது என்று ஐயரிடம் கேட்கவேண்டும். பிறகு கனடாவுக்கு ஃபோன் எடுத்து "தம்பி, இந்த முறை அப்பாவின்ர திவசம் வாற வியாழன்" என்று சொல்லவேண்டும். மாமா அங்கே மச்சம் சாப்பிடாமல் இருந்து, "நான் ஒரு வருஷமும் விட்டதில்லை" என்று சொல்லுவார். உண்மைதான். அவர் விடாததற்குக் காரணம் இந்தக் கொப்பி.

அந்தக் கொப்பியின் பின்பக்கங்களை நான் ஒருநாள் முழுதாகப் பார்த்தேன். எல்லாருடைய நட்சத்திரமும் இருந்தது. அம்மாவுடையது இல்லை. கலியாண நாளும் இல்லை.

"ஏனம்மா உங்கட நட்சத்திரம் எழுதேல்லை?"

"என்ர எனக்குத் தெரியும்தானே பிள்ளை. அதை ஏன் எழுதோணும்?"

அந்தப் பதிலில் பிழை கண்டுபிடிக்க முடியாது. கொப்பி எழுதுவது மறக்காமல் இருக்க. அம்மா மற்ற எல்லாருடையதையும் மறக்கக்கூடும் என்று பயந்து எழுதி வைத்திருக்கிறா. அவவுடையதை வேறு யாராவது தேடிப் பார்க்கக்கூடும் என்ற எண்ணம் அவவுக்கு வந்ததே இல்லை.

பத்தொன்பது நாள் கழித்து ஞாபகம் வந்த அந்தப் படிவக் கதைக்கு ஒரு கிழமை கழிய, அம்மா கேதாரகௌரி விரதம் பிடிக்கத் தொடங்கினா. இருபத்தொரு நாள், ஐப்பசி அமாவாசை வரைக்கும். அம்மம்மாவைப் பார்த்துக்கொண்டு, ஒருநேரச் சாப்பாட்டோடு. கடைசி நாள் கோயிலில் காப்புக் கட்டிக்கொண்டு வந்தா. எங்கட ஊரில் கலியாணம் கட்டிய பெண்கள் கூடுதலாக இந்த விரதத்தைப் பிடிப்பது புருஷனுக்காக. கலியாண நாள் மறந்துபோன அதே மனிசி, அதே புருஷனுக்காக இருபத்தொரு நாளையும் ஒன்று விடாமல் எண்ணியிருக்கிறா. எனக்கு முதலில் இது விளங்கவில்லை. பிறகு யோசித்துப் பார்த்தால் விளங்கியது. கௌரி விரதத்தை அம்மா தனிய ஞாபகம் வைத்திருக்கவில்லை. கோயிலில் அறிவித்தல் ஒட்டுவார்கள். பக்கத்து வீட்டு மாமி "நாளைக்குத் தொடக்கமெல்லே, ஒண்டாப் போவம்" என்று வேலிக்கு மேலால் சொல்லுவா. ஐயர் காப்போடு காத்திருப்பார். அந்த நாளைத் தூக்கிக்கொண்டு நிற்க ஒரு ஊரே இருக்கிறது.

எங்கட நாட்கள் எல்லாம் அப்படித்தான். ஆடிப்பிறப்புக்குக் கூழும் கொழுக்கட்டையும். ஆடி அமாவாசைக்கு, தகப்பன் இல்லாதவர்கள் கீரிமலைக்குப் போவார்கள். சித்திரா பௌர்ணமிக்கு, தாய் இல்லாதவர்கள் விரதம். மே 18க்கு வீதியோரத்தில் கஞ்சி. ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வேலை இருக்கிறது, அந்த வேலையைச் சேர்ந்து செய்யப் பலர் இருக்கிறார்கள். அதனால் அந்த நாள் விழுவதில்லை. 1995 ஒக்ரோபர் 30ஐ அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். கொப்பி தேவையில்லை. அப்போது அவவுக்குப் பதினேழு வயது. வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் வீதிக்கு இறங்கிய நாள். மழை பெய்தது, செம்மணிப் பக்கம் நகர முடியாமல் நின்றோம், அம்மம்மா ஒரு கையில் உரப்பையும் மற்றக் கையில் என்னையும் பிடித்திருந்தா என்று மணித்தியாலம் மணித்தியாலமாகச் சொல்லுவா. அந்த நாளை இலட்சக்கணக்கானவர்கள் வைத்திருக்கிறார்கள். ஒருவர் மறந்தாலும் மற்றவர் சொல்லுவார்.

கலியாண நாளை வைத்திருப்பது இரண்டே இரண்டு பேர். அந்த இரண்டு பேரும் களைத்துப்போனால் அது கீழே விழுந்துவிடும். விழுந்த சத்தமும் கேட்காது.

எங்கட வழமையில், தகப்பனையும் தாயையும் நினைக்க நாள் இருக்கிறது, அவர்கள் இறந்தபிறகு. புருஷனுக்கும் பிள்ளைக்கும் பெண் விரதம் இருக்க நாட்கள் இருக்கின்றன. இந்த நாட்களையெல்லாம் சுமக்கிற பெண், உயிரோடு இருக்கும்போது, அவவுக்கென்று வீடு நின்று பார்க்கிற நாள் எது? மே மாதத்தில் வருகிற அன்னையர் தினத்தைச் சொல்லுவீர்கள். அன்றைக்கும் கேக் வெட்டிய கோப்பையைக் கழுவுவது யாரென்று உங்கள் வீட்டிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

இது எங்கட வீட்டுக் கதை மட்டும் இல்லை. யாழ்ப்பாணத்தில் வீடு பொதுவாக மகளுக்குச் சீதனமாகப் போகும். தாய் தகப்பன் அந்த வீட்டிலேயே மகளோடு இருப்பார்கள். வீட்டோடு சேர்த்து அவர்களின் முதுமையும் அந்த மகளுக்கு எழுதப்பட்டுவிடும், உறுதியில் இல்லாவிட்டாலும். மகன்மார் வெளிநாட்டில். பழைய கூட்டுக்குடும்பத்தில் மாற்றி நிற்க நாலு பெண்கள் இருந்தார்கள். இப்ப ஒரு வீட்டில் ஒருத்தி. 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் பிள்ளைகள் தங்களைத் தாங்களே பார்க்க இயலாத பெற்றோரைக் கைவிடக்கூடாது என்கிறது. நல்ல சட்டம். ஆனால் "பிள்ளைகள்" என்ற பன்மை சட்டத்தில்தான் இருக்கிறது, வீட்டில் அது ஒருமை. 2017இல் குடிசன மதிப்பீட்டுத் திணைக்களம் நாடு முழுக்க நேரப் பயன்பாட்டு ஆய்வு ஒன்று செய்தது. சம்பளமில்லாத வீட்டுவேலைக்கு ஆண்களைவிடப் பெண்கள் எவ்வளவு நேரம் கூடக் கொடுக்கிறார்கள் என்பது அதில் தெரிகிறது. சமைத்த நேரத்தையும் துடைத்த நேரத்தையும் அப்படிக் கணக்கெடுக்கலாம். கறி தாளித்துக்கொண்டே "நாளைக்கு இன்சுலின் முடியுது, வெள்ளிக்கிழமை திதி, பிள்ளைக்குச் சோதனை" என்று மனதுக்குள் ஓட்டிக்கொண்டிருக்கிற நேரத்தை எந்தக் கட்டத்தில் பதிவது?

அடுத்த வருஷம், 2023இல், நான் என் ஃபோனில் அந்தத் திகதிக்கு நினைவூட்டல் போட்டு வைத்தேன். காலை ஆறு மணிக்கு அடித்தது. அம்மா அம்மம்மாவுக்குத் துடைத்துக்கொண்டிருந்தா. "அம்மா, இண்டைக்கு உங்கட கலியாண நாள்" என்றேன். "ஓ, இண்டைக்கோ" என்றா. துடைத்து முடித்தா. தண்ணியை வெளியில் ஊற்றிவிட்டு வந்து, துவாயைக் காயப்போட்டா. பின்னேரம் நானும் தம்பியும் ஒரு கேக் வாங்கிவந்தோம். கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்து வெட்டினார்கள். அம்மம்மாவுக்கு ஒரு துளி ஐசிங்கை விரலால் தொட்டு நாக்கில் வைத்தார்கள். நல்லாய்த்தான் இருந்தது.

அன்று இரவு அம்மாவிடம் கேட்டேன், "போன வருஷம் அந்த நாள் ஞாபகம் இருந்திருந்தா என்ன செய்திருப்பீங்கள்?"

கொஞ்சநேரம் ஒன்றும் சொல்லவில்லை.

"முந்தி நாங்கள் ரெண்டு பேரும் கோயிலுக்குப் போறனாங்கள். ஒவ்வொரு வருஷமும். போட்டு வந்து எங்கயாவது ஒரு ரீ குடிப்பம். ஞாபகம் இருந்தா மட்டும் என்ன, ரெண்டு பேரும் எப்பிடிப் போறது? ஒராள் நிக்கோணுமே."

அதற்குப் பிறகுதான் கணக்குப் பார்த்தேன். 2021 கார்த்திகைக்குப் பிறகு அப்பாவும் அம்மாவும் ஒரு தடவைகூட ஒன்றாக வீட்டை விட்டு வெளியில் போகவில்லை. கலியாண வீடா, ஒருவர். செத்தவீடா, ஒருவர் போய்வந்து மற்றவரை அனுப்புவார். நல்லூர்த் தேருக்கு அம்மா, தீர்த்தத்துக்கு அப்பா. அப்போது எனக்கு வேறொன்று தெளிந்தது. அவர்கள் அந்த நாளை மறந்தது நினைவுக் குறையால் மட்டும் இல்லை. ஞாபகம் வந்தால் செய்ய ஒன்றும் இல்லை. செய்ய முடியாத ஒன்றை மனம் நெடுநாள் தூக்கிக்கொண்டு திரியாது, மெல்ல இறக்கி வைத்துவிடும். அந்த மறதி அவர்களுக்கு ஒரு உபகாரம்.

ஃபோன் திகதியைச் சொல்லும். அம்மம்மாவைத் திருப்பிவிடாது. அந்த வீட்டுக்குத் தேவைப்பட்டது மாறி நிற்க ஒரு ஆள்.

அந்த ஆளாக இருப்பதற்கு நானும் தம்பியும் பழகத் தொடங்கினோம். நான் ஏற்கெனவே பாதி பழகியிருந்தேன். பெண்பிள்ளை என்பதால் யாரும் சொல்லாமலேயே அது நடந்துவிட்டது. அம்மா கொப்பியையும் சிலநேரம் என் கையில்தான் தருவா: "இதை ஒருக்கா எழுதி வை பிள்ளை." இன்னும் இருபது வருஷத்தில் அந்தக் கொப்பி யாருடைய அலுமாரியில் இருக்கும் என்பது எனக்கு அப்போதே தெரிந்தது. அதனால் தம்பியையும் இழுத்தேன். அம்மாவுக்கு விருப்பமில்லை.

"அவன் ஆம்பிளைப் பிள்ளை. அம்மம்மாவுக்கு எப்பிடிக் கழுவுறது? அவவுக்கும் வெக்கமெல்லோ."

அது சும்மா தட்டிக்கழிக்கச் சொன்ன காரணம் இல்லை. அம்மம்மாவுக்குப் பேச்சுப் போனாலும் வெட்கம் போகவில்லை. அப்பா திருப்ப வரும்போதுகூட இடது கையால் போர்வையை இழுத்துக்கொள்ளுவா. அவவின் உடம்பு அவவுடையது, அதில் யார் கை வைப்பது என்று சொல்ல அவவுக்கு உரிமை இருக்கிறது. அதனால் வேலையைப் பிரித்தோம். துடைப்பதும் பாம்பஸ் மாற்றுவதும் நான். போர்வையோடு திருப்புவது, கஞ்சி கொடுப்பது, சீனி பார்ப்பது, பிரஷர் பார்ப்பது, கொப்பியில் எழுதுவது தம்பி. முதல் நாள் ஒரு கோப்பைக் கஞ்சி கொடுத்து முடிக்க அவனுக்கு ஒன்றேகால் மணித்தியாலம் எடுத்தது. பொறுமையாக இருந்தான். முடிந்ததும் வெளியில் வந்து, "அம்மா இதை ஒரு நாளைக்கு மூண்டு தரம் செய்யிறாவோ?" என்று கேட்டான். அதுவரைக்கும் அவனும் அதே வீட்டில்தான் இருந்தான்.

2024 ஆவணியில் அப்பாவும் அம்மாவும் ஒன்றாக வெளியில் போனார்கள். அதற்கு முதல் அம்மா எங்களுக்கு ஒரு மணித்தியாலம் பாடம் எடுத்தா. இருமினால் என்ன செய்வது, கண் சொருகினால் என்ன செய்வது, சீனி இறங்கினால் எந்தப் போத்தல், எந்த ஓட்டோ அண்ணாவுக்கு ஃபோன் எடுப்பது. அம்மம்மாவிடம் குனிந்து, "அம்மா, நாங்கள் கோயிலுக்குப் போட்டு ஓடி வாறம்" என்று சொன்னா. அம்மம்மா இடது கையைத் தூக்கிப் போ போ என்று காட்டினா. மோட்டார் சைக்கிளில் பின்னுக்கு ஏறி இருக்கும்போது அம்மா சேலைத் தலைப்பை இரண்டு தரம் சரிசெய்தா. பழக்கம் விட்டுப்போயிருந்தது.

அம்மா மூன்று தரம் ஃபோன் எடுத்தா. கோயில் வாசலில் ஒரு தரம், ஐஸ்கிறீம் கடையில் இரண்டு தரம். சரியாக ஒரு மணித்தியாலம் நாற்பது நிமிஷத்தில் வந்து சேர்ந்தார்கள். இரண்டு மணித்தியாலம் என்பது எங்கட வீட்டில் இப்ப ஒரு தூர அளவு. அதற்குள் போய்வரக்கூடிய இடங்கள் மட்டும்தான் உலகம். கச்சேரி, நல்லூர், பெரியகடை. பருத்தித்துறைக் கடற்கரை இன்னும் வெளியில்.

வந்ததும் அம்மா முதலில் கொப்பியைப் பார்த்தா. தம்பியின் கோழிக்கிண்டல் எழுத்தில் ஐந்தே முக்கால் மணிச் சீனி அளவு இருந்தது. அதை வாசித்து, திகதியைத் தமிழில் எழுதாமல் இலக்கத்தில் எழுது என்று சொல்லித் திருத்தினா. பிறகு சேலை மாற்றப் போனா.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல வரவில்லை. தம்பிக்கு வேறு மாவட்டத்தில் கம்பஸ் கிடைத்தால் என்ன செய்வது என்று தெரியாது. எனக்குச் சோதனை வந்தால் மறுபடியும் அம்மாதான். மாமாவிடம் நேரடியாகக் கேட்டோம், காசுக்குப் பதிலாக வருஷத்தில் மூன்று கிழமை வந்து நிற்க முடியுமா என்று. லீவு கேட்டுப் பார்க்கிறேன் என்றிருக்கிறார். பக்கத்து வீட்டு மாமி மட்டும் கேட்காமலேயே, "வெள்ளிக்கிழமை பின்னேரத்தில நான் வந்து இருக்கிறன், நீங்கள் போட்டு வாங்கோ" என்றா. அவவின் தாயையும் அவதான் ஆறு வருஷம் பார்த்தவ.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு கட்டில் இருந்தால், அடுத்த முறை அம்மாவின் பிறந்தநாளையோ கலியாண நாளையோ ஞாபகப்படுத்துவதற்கு முதல், இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா செய்யவேண்டிய வேலை ஒன்றைக் கேட்டுப் பழகி வையுங்கள். நாளை அவர்கள் தாங்களே ஞாபகம் வைத்துக்கொள்ளுவார்கள், அதை வைத்துக்கொண்டு ஏதாவது செய்யலாம் என்று தெரிந்தால். இந்த வருஷம் ஆவணி பிறக்க முதலே அப்பா கேட்டார், "இஞ்சேரும், இந்த முறை அது என்ன கிழமையில வருது?" அம்மா பஞ்சாங்கத்தைப் பார்த்து வெள்ளிக்கிழமை என்றா. தம்பி இப்ப இன்சுலின் போடப் பழகுகிறான்.